அட்டை செல்லாத இடம்: மிச்சிகன் சட்டமன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

கேன்டன், மிச்சிகன்
டிசம்பர் 2023

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். கருக்கலைப்பு உரிமையைச் சென்ற ஆண்டு நவம்பரில் நாங்கள் வாக்களித்து மாநில அரசமைப்பில் ஏற்றினோம். முதல் பகுதி, 28ஆம் பிரிவு. அந்த உரிமையைக் காப்பதில் அரசு பாகுபாடு காட்டக்கூடாது என்றும் அதிலேயே இருக்கிறது. நீங்களோ போன மாதம் பழைய தடைகள் பலவற்றை நீக்கிவிட்டு, மெடிக்கெய்டு தடையை மட்டும் விட்டுவைத்தீர்கள்: ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டு, கருக்கலைப்புக்குப் பணம் தரக்கூடாது என்ற தடை. அதையும் நீக்குங்கள் என்று கேட்கவே இம்மடல்.

எங்கள் குடியிருப்பில் ஒரு பெண். முதியோர் இல்லத்தில் இரவு வேலை, இரண்டு பிள்ளைகள். கிளினிக்கில் மெடிக்கெய்டு அட்டையை நீட்டினார். பிரசவம் என்றால் செல்லும், இதற்குச் செல்லாது என்றார்கள். வாடகையைத் தள்ளிப்போட்டு, கூடுதல் ஷிஃப்ட் பார்த்துப் பணம் சேர்த்தார். சேர்ந்தபோது மாத்திரைக்கான வாரங்கள் தாண்டிவிட்டன. இனி அறுவைச் சிகிச்சைதான், தொகையும் கூடிவிட்டது. அதற்குச் சேர்க்கப் போனால் இன்னும் சில வாரம் ஓடும், தொகை இன்னும் ஏறும். அவரைத் தாமதிக்க வைத்தது அந்தத் தடையை விதித்த உங்கள் 1987ஆம் ஆண்டுச் சட்டம்.

1976இன் ஹைடு திருத்தம் என்ற ஒன்றிய அரசின் விதி, கருக்கலைப்புக்குப் போகாமல் கட்டுப்படுத்துவது ஒன்றிய அரசின் பணத்தைத்தான். மாநிலம் தன் பணத்தைத் தருவதை அது தடுக்கவில்லை. ஏரிக்கு அந்தப் பக்கம் மினசோட்டாவில் 1995லேயே அம்மாநில உச்ச நீதிமன்றம், தர வேண்டும் என்று மாநில அரசமைப்பைக் காட்டியே தீர்ப்பளித்தது. நம் மாநில உச்ச நீதிமன்றம் 1992இல் தடையை ஏற்றது உண்மை. அப்போது 28ஆம் பிரிவு ஏது?

அந்த 1987 சட்டம், 1988 வாக்கெடுப்பில் மக்களே ஆதரித்த சட்டம் என்கிறீர்கள். 2022இல் வாக்களித்தவர்கள் யாராம்?

இந்தியாவில் எங்கள் ஊர் அரசு மருத்துவமனைகளில் இதற்குப் பில் போடுவதில்லை. காப்பர்-டி போட்டுக்கொள் என்று நச்சரிப்பார்கள், அது வேறு கதை. உலகத்துக்கே மனித உரிமைப் பாடம் எடுக்கும் நாட்டில் ஏழைப் பெண்ணின் உரிமைக்கு மட்டும் ரொக்கம் கேட்கிறார்கள்.

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்தருள்க. போன மாதம் பிரதிநிதிகள் அவையில் ஜனநாயகக் கட்சிக்கு 56, குடியரசுக் கட்சிக்கு 54 என்றிருந்த நிலையில், ஜனநாயகக் கட்சியில் ஒருவர் மறுத்தாலே மசோதா கவிழ்ந்திருக்கும் என்பது தெரியும். அதற்காக அதை வாக்கெடுப்புக்கே விடாமல் ஒதுக்குவதா? ஜனவரியில் கூடும்போது மெடிக்கெய்டு தடையை நீக்கும் மசோதாவைத் தனியாகக் கொண்டுவாருங்கள். தோற்றால் தோற்கட்டும், யார் எந்தப் பக்கம் நின்றார் என்பதாவது அவைக்குறிப்பில் ஏறும்.

பணிவுடன்,
உங்கள் வாக்காளர் ஒருத்தி