கால்வாய்க் கரைப் பாதையைச் சைக்கிளுக்கும் சொந்தமாக்குங்கள்: இரண்டு மாவட்ட நிர்வாகத்துக்கும் ஒரு மடல்

கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்ட ஆட்சியர்களுக்கும், நீர்வளத் துறை, நெடுஞ்சாலைத் துறை, ஊரக வளர்ச்சித் துறைப் பொறியாளர்களுக்கும் வணக்கம்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். கேஆர்பி அணை என்று நாம் சொல்லும் கிருஷ்ணகிரி அணையிலிருந்து புறப்படும் இடதுபுற, வலதுபுறக் கால்வாய்களின் கரைகள், நெடுங்கல் தடுப்பணையிலிருந்து பாரூர் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுபோகும் கால்வாயின் கரை, பாரூர் ஏரிக்குக் கீழே பிரியும் வாய்க்கால் கரைகள், அப்புறம் தர்மபுரிப் பக்கம் ஈச்சம்பாடி அணைக்கட்டின் கால்வாய்க் கரைகள். இவற்றின் மேல் போகும் மண் பாதைகள் மதகையும் ஷட்டரையும் பார்வையிடப் போடப்பட்டவை. இந்தப் பாதைகளைச் சைக்கிள் போகும் பாதையாகவும் இரண்டு மாவட்டமும் ஏற்றுக்கொள்ள வேண்டும், அதற்குத் தக்கபடி பராமரிக்க வேண்டும். புதிதாக எதையும் கட்டித் தரச் சொல்லவில்லை. இருப்பது கெடாமல் இருந்தால் போதும்.

இந்தப் பாதைகள் மேல் எனக்கு ஏன் இவ்வளவு ஆசை என்று சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்து நிலம் எப்படிப்பட்டது என்று உங்களுக்கே தெரியும், எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் போனாலும் ஒரு ஏற்றம், ஒரு இறக்கம், திரும்பினால் ஒரு பாறைக் குன்று, கியர் இல்லாத சைக்கிளில் போகிறவர்கள் பாதி இடத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். கால்வாய் மட்டும் அப்படி இல்லை. தண்ணீர் தானாக ஓட வேண்டும், அதே சமயம் வேகமாக ஓடிக் கரையை அரித்துவிடவும் கூடாது, அதனால் பொறியாளர்கள் நிலத்தின் ஒரே மட்டத்தைப் பிடித்துக்கொண்டு குன்றுகளைச் சுற்றி வளைத்து வளைத்துக் கால்வாயைக் கொண்டுபோவார்கள். கண்ணுக்குத் தெரியாத அளவுக்குத்தான் சரிவு. காமராஜர் முதலமைச்சராக இருந்த காலத்தில், 1957-ல் பாசனத்துக்கு வந்தது கேஆர்பி அணை. அன்றைக்கு லெவல் பார்த்துக் கோடு போட்டவர்கள் மனதில் தண்ணீர் மட்டும்தான் இருந்திருக்கும். ஆனால் தண்ணீருக்கு எது சுலபமோ அதுவே சைக்கிளுக்கும் சுலபம் என்பதால், மேடுபள்ளமான இந்தச் சீமையில் மூச்சு வாங்காமல் மிதிக்கக்கூடிய பாதை ஒன்று அவர்கள் தயவில் நமக்குக் கிடைத்துவிட்டது.

கேஆர்பி அணையின் இடதுபுற, வலதுபுறக் கால்வாய்களை நம்பி மட்டும் 9,012 ஏக்கர் இருக்கிறது. வழக்கமாக ஜூலை வாக்கில் முதல்போகத்துக்குத் தண்ணீர் திறப்பார்கள். திறந்த பிறகு ஒரு காலை நேரத்தில் பெரியமுத்தூரைத் தாண்டிக் கரையில் ஏறிப் பாருங்கள். ஒரு பக்கம் கால்வாய் முட்ட முட்டத் தண்ணீர், மறுபக்கம் கரைக்குக் கீழே நாற்றங்கால், தென்னை, கொஞ்சம் மேட்டு நிலம் வந்தால் மாந்தோப்பு. டயர் மண்ணில் உரசும் சத்தம்தான் கேட்கும், ஒவ்வொரு மதகை நெருங்கும்போதும் தண்ணீர் விழுகிற இரைச்சல் வந்து அதை மூடிக்கொள்ளும். மதகைத் திறந்து மூடும் பணியாளரான லஸ்கர் ஒருவர் தன் எக்ஸல் மொபெட்டை ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டு ஷட்டர் மரையைத் திருகிக்கொண்டிருப்பார். மரையில் தடவிய கிரீஸ் அவர் முழங்கை வரை ஏறியிருக்கும். “எந்த ஊரு சார், எங்க போறீங்க?” என்று கேட்காமல் விடமாட்டார். பாளேகுளி ஏரியிலிருந்து சந்தூர் வரை 28 ஏரிகளுக்குத் தண்ணீர் போகிற கால்வாய் பக்கம் போனால் ஏரி, கரை, ஏரி, கரை என்று மாறி மாறி வந்துகொண்டே இருக்கும். ஆற்றோரமாகவே போக நினைப்பவர்களுக்குக் காவேரிப்பட்டணத்தை ஒட்டிப் பெண்ணேஸ்வரமடம் இருக்கிறது, தென்பெண்ணைக் கரையில் பழைய சிவன் கோயில், கல்வெட்டுகள். காரில் போகிறவர்கள் கோயிலைப் பார்ப்பார்கள். சைக்கிளில் போகிறவர்கள் கோயில் வரைக்குமான ஊரையும் பார்ப்பார்கள்.

இதை விடுமுறை நாளில் ரோடு பைக் என்கிற மெல்லிய டயர் சைக்கிள் ஓட்டுகிற எங்களுக்காக மட்டும் கேட்பதாக நினைத்துவிடாதீர்கள். இந்தக் கரைகளை எங்களைவிட அதிகம் பயன்படுத்துவது பிளஸ் 1, பிளஸ் 2 பிள்ளைகள், அரசு கொடுத்த சைக்கிளில். புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தது. ஒரு மாவட்ட நிர்வாகம் நினைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை. இன்றைக்கு ஓட்டத் தெரியாத பெண்பிள்ளைகள் நம் கிராமங்களில் குறைவு, சைக்கிளும் வீட்டுக்கு வந்துவிட்டது. பயப்படாமல் ஓட்ட ஒரு பாதைதான் பாக்கி. பெங்களூரு - சேலம் நெடுஞ்சாலை ஓரத்தில், கிரானைட் பாறை ஏற்றிய லாரி உரசிக்கொண்டு போக, ஒரு பதினாறு வயதுப் பெண் பையைக் கேரியரில் கட்டிக்கொண்டு மிதிப்பதைப் பார்க்கும்போது வயிறு கலங்குகிறது. அதே பிள்ளை கால்வாய்க் கரையில் தோழியோடு பேசிக்கொண்டே போகிறாள். “அண்ணா, இதுக்கு எத்தனை கியர்?” என்று கேட்டுவிட்டு, பதில் சொல்லி முடிப்பதற்குள் எங்களை முந்திக்கொண்டு போவார்கள்.

சரி, கரையில் என்னதான் பிரச்சினை?

முதலில் முள். சீமைக் கருவேலத்தை வெட்டச் சொல்லி ஆள் விடுகிறீர்கள், நல்ல காரியம். வெட்டிய கிளையை அதே பாதையில் போட்டுவிட்டுப் போகிறார்களே, அதுதான் கொடுமை. பச்சை முள்ளைவிடக் காய்ந்த முள் மோசம். ஒரு விரல் நீளம் இருக்கும், சாம்பல் நிறத்தில் மண்ணோடு மண்ணாகக் கிடக்கும், டயரைத் தாண்டி டியூபில் இரண்டு பக்கமும் ஓட்டை போட்டுவிடும். எங்களிடம் மாற்று டியூபும் கைப்பம்பும் இருக்கிறது, உட்கார்ந்து மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவோம். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை என்ன செய்யும்? பஞ்சர் ஒட்டும் கடையோ ஊருக்குள் போனால்தான், அதிலும் இப்போது பாதிக் கடைகளில் சைக்கிள் டியூப் ஒட்டுவதையே விட்டுவிட்டார்கள். தள்ளிக்கொண்டு போனால் முதல் பீரியடு போய்விடும், நாலு முறை அப்படி ஆனால் சைக்கிள் வீட்டுத் திண்ணையிலேயே நின்றுவிடும். வெட்டுகிற ஒப்பந்தத்திலோ ஊரக வேலைத் திட்டத்திலோ, முள்ளை அள்ளி அப்புறப்படுத்துவதையும் வேலையாக எழுதிக் கூலி கொடுங்கள். வேரோடு எடுத்தால் இன்னும் நல்லது, வெறுமனே வெட்டினால் அடுத்த மழையில் துளிர்த்துவிடும்.

அடுத்தது டிப்பர் லாரி. சுங்கச்சாவடியைத் தவிர்க்கவோ, குறுக்கே போகவோ, பாரம் ஏற்றிய வண்டி ஒரு மாதம் கரையில் ஓடினால் போதும், கரையின் விளிம்பு உட்கார்ந்துவிடும், இரண்டு தடம் விழுந்து நடுவில் திட்டு நிற்கும், மழைத் தண்ணீர் அதில் தேங்கிக் கரையையே கரைக்கும். சைக்கிளைவிடப் பாசனத்துக்குத்தான் இதில் ஆபத்து அதிகம். இரும்புக் கம்பியில் உயரத் தடுப்பு வைக்கலாம் என்று யாராவது சொல்வார்கள், தயவுசெய்து அது வேண்டாம், வைக்கோல் பாரம் ஏற்றிய வண்டி போக முடியாமல் விவசாயி அல்லாடுவார். கரை தொடங்கும் இடத்தில் ஒரு கேட், பக்கத்தில் சைக்கிளும் எக்ஸலும் நுழையும் அளவுக்கு ஒரு சந்து, சாவி லஸ்கரிடமும் அந்தப் பகுதி பாசன விவசாயிகள் சங்கத்திடமும். டிராக்டருக்குத் திறந்துவிட அவர்களுக்குத் தெரியும், யார் உள்ளூர், யார் வெளியாள் என்றும் தெரியும்.

நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது இதுதான்: பராமரிப்பு என்றதும் தார் போட்டு அகலப்படுத்திவிடாதீர்கள். நல்ல எண்ணத்தில்தான் செய்வீர்கள், ஊர்க்காரர்களே கூட அப்படி மனு கொடுப்பார்கள். ஆனால் தார் போட்ட மறுநாளே கார் வரும், அதற்கடுத்த வாரம் லோடு வேன் வரும், வேகத்தைக் குறைக்கச் சொல்லி ஊர்க்காரர்கள் வேகத்தடை கேட்பார்கள், பிள்ளைகள் மறுபடியும் ஓரத்துக்குப் போய்விடுவார்கள். இந்த முறை ஓரம் என்பது கால்வாய். கிராவல் கொட்டி, நடு கொஞ்சம் மேடாக இருக்கும்படி ரோலர் விட்டு இறுக்கினால் போதும். எங்களுடைய மெல்லிய டயரே அதில் ஓடும். அரசு சைக்கிளின் டயர் தாராளமாக ஓடும்.

வேகத்தடை என்றதும் நினைவுக்கு வருகிறது, நெடுஞ்சாலைத் துறையும் ஊராட்சிகளும் இதைக் கவனியுங்கள். இந்திய சாலைக் காங்கிரஸ் சொல்லும் வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், பார்த்தால் தெரியும்படி வெள்ளைப் பட்டை. நம் கிராமச் சாலைகளில் இருப்பதோ ஒரு முழ அகலத்தில் செங்குத்தாக ஒரு திட்டு, பட்டையும் கிடையாது. கார் குலுங்கும், அவ்வளவுதான். இருட்டில் வருகிற சைக்கிள் கவிழும்.

கால்வாய் சாலையைக் கடக்கிற பாலங்களில் கைப்பிடிச் சுவர் இடிந்த இடங்களைச் சரிசெய்து சுண்ணாம்பு அடித்தால் விடியற்காலைப் பனியிலும் தெரியும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின்போது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அப்படி ஒரு மழைக்குப் பிறகு கரை எங்கே உள்வாங்கியிருக்கிறது என்று மேலாகப் பார்த்தால் தெரியாது, புல் மூடியிருக்கும். மிதித்த பிறகுதான் தெரியும். அந்த இடங்களில் ஒரு கல்லாவது நட்டு வையுங்கள். அணைப் பூங்காவுக்கு முன்னால் இருக்கிற தரைப்பாலம் மாதிரி, ஷட்டர் திறந்தால் முழுகிற இடங்களிலும் பள்ளிக்கூட நேரத்தில் ஒரு ஆள் நிற்க வேண்டும்.

கரையில் கோழிக்கழிவு கொட்டுவதையும் பாட்டில் உடைப்பதையும் பற்றித் தனியாக எழுதத் தேவையில்லை, உங்களுக்கே தெரியும். ஓசூர் பக்கம் கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கி வருகிற ஆற்றுத் தண்ணீர்தான் இங்கே கால்வாயிலும் ஓடுகிறது, அதோடு நாமும் சேர்த்துக் கொட்ட வேண்டாம். கிராமச் சாலைகளில் நிற்கிற புளிய மரங்களை, அகலப்படுத்தும் வேலை வரும்போது, முடிந்தவரை விட்டுவையுங்கள். ஏப்ரல், மே வெயிலில் இந்தப் பக்கம் சைக்கிள் ஓட்ட முடிகிறது என்றால் அந்த நிழலால்தான்.

இதற்கெல்லாம் பெரிய திட்ட அறிக்கை தேவைப்படாது என்று நம்புகிறேன். அடுத்த முதல்போகத்துக்குத் தண்ணீர் திறப்பதற்கு முன், கால்வாய் காய்ந்து கிடக்கும் நாட்களில், உதவிப் பொறியாளர், லஸ்கர்கள், பாசன சங்கத்தார், அந்தக் கரையில் போகிற பள்ளிப் பிள்ளைகள் நாலைந்து பேர், நாங்கள், எல்லோரும் சேர்ந்து அணையிலிருந்து சைக்கிளிலேயே ஒரு முறை போய்வரலாம். எங்கே கேட் வேண்டும், எங்கே கரை உள்வாங்கியிருக்கிறது, எங்கே முள் கிடக்கிறது என்று பிள்ளைகளே காட்டுவார்கள். காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் வெயில் ஏறுமுன் முடித்துவிடலாம். சைக்கிளும் பஞ்சர் சாமானும் எங்கள் பொறுப்பு. தேதியை மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
காவேரிப்பட்டணம் பக்கத்துச் சைக்கிள்காரன்