கருப்பட்டித் தூளில் சீனி: பணமும் பதிலும் வேண்டும்

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு,

வணக்கம். இது என்னுடைய ஏழாவது மெயில். முதல் ஆறுக்கும் "உங்கள் புகார் பதிவாகிவிட்டது" என்ற ஒரே வரிதான் வந்தது. தயவுசெய்து இதையாவது யாராவது ஒருவர் உட்கார்ந்து படியுங்கள்.

நவம்பர் 12-ஆம் தேதி உங்களிடம் வாங்கிய, பச்சைப் பாக்கெட்டுகளில் வந்த கருப்பட்டித் தூள், கிலோ 480 ரூபாய், ஐந்து கிலோ. பேட்ச் நம்பர், பில், போட்டோ எல்லாம் பழைய மெயில்களில் இருக்கின்றன. இரண்டு வருடமாக உங்களிடம்தான் வாங்குகிறேன், உங்கள் பழைய தூள் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்: கறுத்து, மங்கலாக, கையில் லேசாக ஒட்டும், நாக்கில் வைத்தால் இனிப்புக்குப் பின்னால் ஒரு சின்ன உப்புக் கரிப்பு தெரியும். இந்தத் தடவை வந்தது மணல் மாதிரி உதிர்கிறது, வெயிலில் வைத்துப் பார்த்தால் வெள்ளை மணிகள் மின்னுகின்றன. அது சீனி இல்லாமல் வேறு என்ன?

உங்கள் ஆட்களில் ஒருவர் பேசியதை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. 20 நிமிடம் பாட்டு கேட்டுக் காத்திருந்த பிறகு லைனுக்கு வந்தவர், "மேடம், இனிப்பாத்தானே இருக்கு, அப்புறம் என்ன புகார்?" என்றார். நான் விளக்க ஆரம்பித்ததும், "சீசன் இல்லாதப்போ அப்படித்தான் வரும்" என்று சொல்லி போனை வைத்துவிட்டார். மாசி பங்குனியிலிருந்து ஆடி வரைதான் பதநீர் இறங்கும், அது எனக்கும் தெரியும். சரி, சரக்கு இல்லையென்றால் விற்காதீர்கள். பாக்கெட்டின் முன்பக்கம் "100% கருப்பட்டி, சர்க்கரை சேர்க்காதது" என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு எப்படி "அப்படித்தான் வரும்"?

நான் வீட்டிலிருந்து கேழ்வரகு கேக்கும் கோதுமை பிஸ்கட்டும் செய்து விற்கிறேன். மைதாவும் சீனியும் என் சமையலறைக்குள் வராது. கருப்பட்டியும் இனிப்புதான், ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும், அதனால் சர்க்கரை நோய்க்காரர்கள் தாராளமாகச் சாப்பிடலாம் என்று சொல்லி நான் ஒருவரிடமும் விற்றதில்லை. இதில் இன்னது இருக்கிறது, இன்னது இல்லை என்று மட்டும்தான் சொல்வேன். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் வாங்குகிறார்கள், அதைத்தான் நீங்கள் பொய்யாக்கிவிட்டீர்கள்.

ஒரு காதுகுத்து விழாவுக்கு 12 கேக், 300 பிஸ்கட் ஆர்டர். அதிகாலை நான்கு மணிக்குத் தூளை யார் வெயிலில் வைத்துப் பார்ப்பார்கள்? 180 டிகிரியில் 40 நிமிடம் வைத்து எடுத்த கேக் வெளுத்துப்போய், பனை வாசமே இல்லாமல் வந்தது. பிஸ்கட் எல்லாம் தட்டில் பரந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. நாட்டுக்கோழி முட்டை, வெண்ணெய், ஏலக்காய், கரண்ட் எல்லாம் வீண். அந்த வீட்டுக்காரம்மா, "சீனி போட்டுட்டு எங்ககிட்ட கருப்பட்டின்னு சொல்லாதீங்க" என்றார்கள். எனக்கு 40,000 ரூபாய்க்குக் குறையாத நஷ்டம், மூன்று வருட உழைப்பே போய்விட்டது.

இன்னொன்று. மீதிப் பாக்கெட்டைக் கப்பலூர் கிடங்குக்கு நேரில் கொண்டுவந்தால் மாற்றித் தருவதாக உங்கள் மெசேஜ்தான் சொன்னது. பெரியார் பஸ் நிலையத்தில் பஸ் மாறி, மூன்று கிலோவைச் சுமந்து போனால், கேட்டிலேயே காவலாளி "இங்கே வாடிக்கையாளரை உள்ளே விடமாட்டோம்மா" என்று திருப்பி அனுப்பினார். அவர் மேல் தப்பில்லை. ஒரு நாள் போனது, அன்றைய ஆர்டரும் போனது. அதற்குப் பரிகாரமாக 150 ரூபாய் கூப்பன் அனுப்பியிருக்கிறீர்கள், அது எனக்கு வேண்டாம்.

உங்களில் நல்லவர்கள் இருப்பார்கள் என்று இன்னமும் நம்பித்தான் பணிவாகக் கேட்கிறேன். 2,400 ரூபாயைத் திருப்பித் தாருங்கள். அந்த பேட்ச்சில் என்ன கலந்தீர்கள் என்று எழுத்தில் சொல்லுங்கள், நான் அதை என் வாடிக்கையாளர்களிடம் காட்ட வேண்டும். அதே பேட்ச்சை இன்னும் விற்றுக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள், குழந்தைகளுக்கு வாங்கிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

ஏழு நாள் பார்ப்பேன். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்வேன், பிரிக்காத இரண்டு பாக்கெட்டையும் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் கொடுப்பேன், நுகர்வோர் ஆணையத்திலும் மனுப் போடுவேன். வாங்கிய பொருளின் விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் அங்கே கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை, நானே வந்து பேசுவேன். அந்த இரண்டு பாக்கெட்டும் பத்திரமாக இருக்கின்றன.

இப்படிக்கு,
மதுரையிலிருந்து உங்கள் இரண்டு வருட வாடிக்கையாளர்