வலையில் ஏறும் பஞ்சு

ஐயா, ஆழ்கடலில் கடற்பஞ்சு என்ற கடலடி உயிரியின் புதிய இனங்களைத் தேடுவது பற்றிப் படித்தேன். முப்பது வருஷம் மண்டபத்தில் வலை இழுத்தவன் நான். பஞ்சு ஏறினால் 'சனியன்' என்று திட்டித் திரும்ப வீசுவோம். கை அரிப்பு ராத்திரி வரை போகாது. பஞ்சின் உடம்பில் இருந்து குத்துகிற அந்த நுண்ணிய ஊசிகளை வைத்துத்தான் இனம் பிரிக்கிறார்களாம்! சதையை அமிலத்தில் கரைத்து, மிஞ்சும் ஊசியை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள் என்றாள் விலங்கியல் படிக்கும் பேத்தி. ஆறு முனை ஊசி என்றால் 'கண்ணாடிப் பஞ்சு' என்ற வகை, பெரும்பாலும் ஆழத்துச் சரக்கு. நிறத்தை நம்ப முடியாதாம். சரிதான், கரைக்கு வருவதற்குள் வெளுத்துவிடுமே. இலங்கைப் பக்கத்து முத்துப்பார் (முத்துச்சிப்பி வாழும் கடலடித் திட்டு) பஞ்சுகளை விலங்கியலாளர் ஆர்தர் டெண்டி 1905-லேயே எழுதி வைத்திருக்கிறார். நம் இறங்குதளத்தில் ஒரு ஆய்வாளரும், பஞ்சைக் கெடாமல் போட்டு வைக்க ஸ்பிரிட் டப்பாவும் இருந்தால் என்ன? எத்தனை பாகம் (ஒரு பாகம் சுமார் ஆறடி) ஆழத்தில் ஏறியது என்று நாங்கள் சொல்வோம்.

– ஓய்வு பெற்ற மீனவர், மண்டபம்