பிரித்துக் கொடுக்கும் குப்பையைக் கலக்காமல் எடுத்துச் செல்லக் கோரும் மனு

அனுப்புநர்: குடியிருப்போர் நலச் சங்கத்தினர்
பெறுநர்: உயர்திரு மாநகராட்சி ஆணையர் அவர்கள்

பொருள்: தரம் பிரித்த வீட்டுக் குப்பையைத் தனித்தனியே சேகரிக்க வேண்டுதல் - தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதே விஷயமாக முன்பு கொடுத்த மனுக்களுக்குப் பதில் வரவில்லை. எங்கள் தெருக்களைத் தாங்கள் நேரில் பார்த்திருப்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறோம்.

1. மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று இரண்டு வாளிகளில் பிரித்து வைக்கிறோம். வண்டி வந்ததும் இரண்டும் ஒன்றாகக் கொட்டப்படுகின்றன. பிளாஸ்டிக் உறைகளைக் கழுவி, காயவைத்து, மடித்துக் கொடுத்த அம்மாவின் கண்ணெதிரிலேயே அவற்றின் மேல் அழுகிய காய்கறித் தோல் விழுகிறது. நனைந்து அழுக்கான காகிதம் மறுசுழற்சிக்கு ஆகாது. பிளாஸ்டிக் கலந்த தோல் உரத்துக்கும் ஆகாது. எல்லாம் குப்பைக் கிடங்குக்குப் போய், அதிலுள்ள மக்கும் குப்பை காற்றுப் புகாத குவியலுக்கடியில் அழுகி, பூமியைச் சூடாக்கும் மீத்தேன் வாயுவை வெளியிடுகிறது. மறுநாள் அந்த அம்மா எதற்காகப் பிரிக்க வேண்டும், ஐயா? பக்கத்து வீட்டாரும் இதைப் பார்த்துக்கொண்டுதானே நிற்கிறார்கள்? ஒரு வீட்டைப் பார்த்து இன்னொரு வீடு பிரிக்கத் தொடங்கியது; அதேபோல ஒன்றைப் பார்த்து ஒன்று விட்டுவிட்டது. மீந்துபோன சாப்பாடு தனி வாளியில் கிடந்தால்தான் எவ்வளவு வீணாக்குகிறோம் என்பது உறைக்கும், அடுத்த நாள் அளவாகச் சமைக்கத் தோன்றும். பிரிப்பது நின்றதும் குறைப்பதும் நின்றுபோனது.

2. தூய்மைப் பணியாளர்கள் மீது எங்களுக்குக் குறை இல்லை. வண்டியில் தடுப்பே இல்லாவிட்டால் அவர்கள் என்ன செய்வார்கள்?

3. விழிப்புணர்வுச் சுவரொட்டிகள் போதும். எங்களுக்குத் தெரியாமல் இல்லை ஐயா, செய்ததற்குப் பலன் இல்லாமல்தான் கை ஓய்ந்துபோகிறது! தென் கொரியாவில் 1995 முதல் குப்பையின் அளவுக்கேற்பக் கட்டணம் வாங்குகிறார்கள். கூடவே உணவுக் கழிவைத் தனியாக எடுக்கவும் ஏற்பாடு செய்தார்கள். 2005-இல் அதை நேரடியாக மண்ணில் புதைப்பதையே தடை செய்தார்கள். இங்கும் கட்டணம் வேண்டுமென்றால் போடுங்கள், கட்டுகிறோம். ஆனால் முதலில், பிரித்ததைப் பிரித்தபடியே எடுத்துச் செல்லுங்கள்.

4. தடுப்பு வைத்த வண்டி தாருங்கள். சரி, அதற்கு நாளாகும் என்றால், மக்கும் குப்பையைத் தினமும், மக்காததை வாரத்தில் குறிப்பிட்ட ஒரு நாளிலும் எடுக்க உத்தரவிடுங்கள். இதற்குப் புது வண்டிகூட வேண்டாமே!

மீண்டும் கேட்டுக்கொள்கிறோம்: பிரித்ததைக் கலக்காதீர்கள். இந்த மனுவுக்காவது எழுத்துமூலம் பதில் தருமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
குடியிருப்போர்