காசிக்குப் போன எல்.டி.சி.

அன்புள்ள முத்துக்குமாருக்கு,

நலம், நலமறிய ஆவல். உன் தங்கை மகள் திருமணத்துக்கு நான் வராததைப் பற்றி ஊரெல்லாம் நீ சொல்லிவருவது என் காதுக்கும் எட்டிவிட்டது. நேரில் வரும்போது மொத்தமாகத் திட்டு வாங்கிக்கொள்கிறேன். பெரிய மாரியப்பன் மறுபடியும் கடையை மாற்றிவிட்டானாமே, இந்த முறையாவது பெயர்ப்பலகையில் எழுத்துப்பிழை இல்லாமல் இருக்கிறதா?

விஷயத்துக்கு வருகிறேன். சென்ற மாதம் திருப்போரூர்ப் பக்கம் இருக்கும் வொண்டர்லா பொழுதுபோக்குப் பூங்காவுக்குக் குடும்பத்தோடு போய்வந்தோம். 2000இல் கொச்சியில் வீகாலாந்து என்ற பெயரில் தொடங்கியவர்கள், பெங்களூரு, ஐதராபாத், புவனேசுவரம் என்று ஊர் ஊராகச் சுற்றிவிட்டு 2025 டிசம்பரில்தான் சென்னைக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். அப்பாவும் உடன் வந்தார். நுழைவுச்சீட்டுக்கு நான் பணம் கட்டுவதைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தவர், "இதெல்லாம் எல்.டி.சி.யில் வராதுடா" என்றார், அரசு ஊழியர்களுக்கான விடுப்புப் பயணச் சலுகையை நினைத்துக்கொண்டு. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மனைவிக்கோ அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்றே விளங்கவில்லை. உனக்கு விளங்கும். அந்த மனுவை எழுதிக் கொடுத்தவனே நீதானே!

1995இல் தாம்பரத்தை அடுத்துக் கிஷ்கிந்தா பொழுதுபோக்குப் பூங்கா திறக்கப்பட்டதிலிருந்து கோவில்பட்டியில் நமக்கு வேறு பேச்சே கிடையாது. இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படத்தை எடுத்த நவோதயா அப்பச்சன்தான் அதையும் கட்டியிருக்கிறார் என்று உன் அண்ணன் எங்கோ படித்துவிட்டு வந்து சொன்னதும், அப்படியானால் அங்குள்ள அலைக்குளத்தைச் சிவப்பும் நீலமுமான கண்ணாடி போட்டுப் பார்த்தால் அலை இன்னும் பெரிதாகத் தெரியும் என்று நீ சத்தியம் செய்தாய். நானும் நம்பினேன். அஞ்சல் துறையில் இருந்த அப்பாவுக்கு நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை இந்தியாவில் எந்த ஊருக்கும் போய்வரும் பயணச் சலுகை உண்டு என்பதும், 1994 முதல் 1997 வரையிலான தவணை முடியப்போகிறது என்பதும் தெரிந்தவுடன் நீ உட்கார்ந்து எழுதினாய் பார், "பொருள்: கிஷ்கிந்தா செல்ல அனுமதி வேண்டுதல். பார்வை: தங்கள் தீபாவளி வாக்குறுதி" என்று, அந்தத் தாளை அப்பா ஒரு வார்த்தையும் பேசாமல் வாங்கி, ஓரத்தில் சிவப்பு மையால் "பரிசீலனையில் உள்ளது" என்று எழுதி, சுருக்கொப்பமும் தேதியும் இட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

பரிசீலனையின் முடிவு காசி என்று ஆனது. ரயில் கட்டணம்தான் கிடைக்கும், நுழைவுக் கட்டணமும் சாப்பாடும் நம் கையைக் கடிக்கும் என்பது அவர் சொன்ன காரணம். அவரைச் சார்ந்திருந்த பாட்டிக்கும் அதே சலுகையில் இடமுண்டு என்பது சொல்லாத காரணம். எழும்பூருக்கு வந்து, சென்ட்ரலுக்கு மாறிக் காசி ரயில் பிடிக்க வேண்டும். விடிகாலையில் நெல்லை எக்ஸ்பிரஸ் தாம்பரத்தில் நின்றபோது அப்பா என்னை எழுப்பி, மேற்குப் பக்கம் கையைக் காட்டி, "அந்தப் பக்கம்தான்" என்றார். சன்னல் கம்பியில் முகத்தைப் பதித்துப் பார்த்தேன். நடைமேடையில் பால் கேன்களும், மின்சார ரயிலுக்கு ஓடும் கூட்டமும்தான் தெரிந்தன. கோவில்பட்டியில் இருந்தவரை இல்லாத ஆத்திரம், ஊரருகே வந்தும் இறங்க முடியாதபோதுதான் வந்தது. காசி போய்ச் சேரும்வரை பாட்டியோடு நான் பேசவில்லை.

2016இல் கிஷ்கிந்தாவில் ஒரு ராட்டினம் சோதனை ஓட்டத்தின்போது சரிந்து ஊழியர் ஒருவர் உயிரிழந்த செய்தியைப் படித்த அன்றுதான், வேலை கிடைத்துச் சென்னைக்கு வந்து இத்தனை காலமாகியும் நான் அங்கே ஒருமுறைகூடப் போகவில்லை என்பது உறைத்தது.

இப்போது என் கவலையைக் கேள். தஞ்சோரா என்றொரு ரோலர் கோஸ்டர். தண்டவாளம் தலைக்கு மேலே ஓடும், கால்கள் அந்தரத்தில் தொங்கும், அப்படியே தலைகீழாகச் சுழற்றி எடுக்கும். இறங்கிய எனக்கு முழங்கால் நடுங்கியது, வரிசைக்கு மறுபடியும் ஓடலாம் போலவும் இருந்தது. என் மகன் கவினோ, "பரவாயில்லப்பா, வீடியோவுல பார்த்த மாதிரியேதான் இருக்கு" என்றான். முன்வரிசையில் உட்கார்ந்தவன் கண்ணுக்குத் தெரிவது முழுவதையும் அவன் முன்கூட்டியே கைபேசியில் பார்த்து முடித்திருக்கிறான். எந்த வளைவுக்குப் பின் எந்த இறக்கம் என்று எனக்கே சொல்லிக்கொண்டு வந்தான். மூன்று மணிக்கெல்லாம் வீட்டுக்குப் போகலாம் என்றான். இவனுக்கு ஏங்குவதற்கு எதை மிச்சம் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை முத்து. வாங்கிக் கொடுக்காமல் இருந்தால் ஏக்கம் வந்துவிடும் என்று உன்னைப் போன்ற ஞானிகள் சொல்லலாம்; மறுக்கும்போது இவன் அழுதாலாவது பரவாயில்லை, "சரி" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறான்.

மாலையில் அலைக்குளத்தின் கரையில் அப்பாவோடு உட்கார்ந்திருந்தேன். அடுத்த தவணையில் கிஷ்கிந்தாவுக்குக் கூட்டிப்போகத்தான் இருந்ததாகவும், அது வந்தபோது நான் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்ததாகவும் சொன்னார். பாட்டி அதற்குள் போய்விட்டாள். "அவளுக்கு அடுத்த தவணை இருக்காதுன்னு எனக்குத் தெரியும்" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஆகவே முடிவு செய்துவிட்டேன். பிள்ளைகள் வேண்டாம், நாம் இருவர் மட்டும் வொண்டர்லாவுக்குப் போகிறோம். ஞாயிற்றுக்கிழமை ஆகாது, வரிசையிலேயே பொழுது போய்விடும். வார நாளில் வா. குளத்தில் பருத்தித் துணிக்கு அனுமதி கிடையாது, எனவே உன் கைலியைக் கொண்டுவந்து மானத்தை வாங்காமல் ஒரு நைலான் கால்சட்டை வாங்கிக்கொள். வீட்டில் அலுவலக வேலை என்று சொல்லிக்கொள். தேதியை மட்டும் உடனே எழுது, நான் விடுப்புக்கு எழுதிக் கொடுக்க வேண்டும்.

அன்புடன்,
சங்கரன்