படிக்கட்டில் உட்காரவும் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உலகின் அழகிய வெளிப்புறப் படிக்கட்டுகளைப் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த படக்கட்டுரையைப் படித்தேன். படங்கள் ஒவ்வொன்றும் கண்ணைக் கவர்ந்தன. ஆனால் படத்துக்குக் கீழே எத்தனை படிகள், என்ன நிறம் என்ற இரண்டு விவரங்களோடு நிறுத்திக்கொண்டதும், ரோம் நகரத்து ஸ்பானியப் படிக்கட்டில் யாரும் உட்காரக் கூடாது என்ற தடையை மற்ற நகரங்களும் பின்பற்ற வேண்டும் என்று கட்டுரையாளர் முடித்திருந்ததும் எனக்கு உடன்பாடாக இல்லை. கட்டடப் பணிகளில் நெடுங்காலம் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் ஒரு திருத்தம். உக்ரைன் நாட்டின் ஒடேசா துறைமுக நகரில் உள்ள பெரும் படிக்கட்டில் 200 படிகள் இருப்பதாகக் கட்டுரை கூறுகிறது. 1837 முதல் 1841 வரை கட்டப்பட்டபோது 200 இருந்தது உண்மைதான். பின்னாளில் துறைமுகத்தை விரிவாக்கியபோது அடியிலிருந்த எட்டுப் படிகள் மறைந்துபோய், இப்போது இருப்பவை 192. 1925-இல் வெளிவந்த ஓர் ஊமைப்படத்தால் உலகப் புகழ் அடைந்து, அதன் பெயராலேயே பொத்தெம்கின் படிக்கட்டு என்று அறியப்படுவது இதுதான். ஆனால் எண்ணிக்கையில் எட்டுக் கூடுவதும் குறைவதும் பெரிய விஷயமல்ல. அந்தப் படிக்கட்டின் உண்மையான வித்தை எண்ணிக்கையில் இல்லை என்பதையே சொல்ல வருகிறேன்.

ஒடேசா படிக்கட்டு மேலே 12.5 மீட்டர் அகலமும் கீழே 21.7 மீட்டர் அகலமும் கொண்டது. கீழிருந்து நிமிர்ந்து பார்ப்பவருக்கு, மேலே போகப் போகக் குறுகுவதால், அது இருப்பதைவிட நீண்டு உயர்ந்தது போலத் தோன்றும். மேலே நின்று பார்ப்பவருக்கோ மேலும் கீழும் ஒரே அகலம் போலத் தெரியும். இதைவிட நுட்பமானது, கொத்தனார்கள் லேண்டிங் என்று சொல்லும் இடைத்தளங்களை அமைத்த விதம். ஏறத்தாழ இருபது படிக்கு ஒன்று என்ற கணக்கில் பத்து இடைத்தளங்கள் உள்ளன. கீழே நிற்பவர் கண்ணுக்கு இடைத்தளம் ஒன்றுகூடப் படாது, முடிவில்லாமல் படிகள் மட்டுமே தெரியும். மேலே நிற்பவருக்குப் படி ஒன்றுகூடத் தெரியாது, தளத்துக்குக் கீழே தளமாகவே தெரியும். ஏறப் போகிறவரை மலைக்க வைத்துவிட்டு, ஏறத் தொடங்கியபின் இருபது படிக்கு ஒரு முறை மூச்சு வாங்க இடம் தரும் ஏற்பாடு இது. ஏற முடியாதவர்களையும் அந்த நகரம் மறக்கவில்லை. படிக்கட்டின் பக்கவாட்டில் 1902-இலேயே கம்பிவட ரயில் ஓடியது. 1970-இல் அதன் இடத்தில் நகரும் படிக்கட்டு வந்தது. 2005-இல் மீண்டும் கம்பிவட ரயிலே வந்தது.

நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிசிலித் தீவின் கல்தஜிரோனே நகரில், மலைச்சரிவில் இருக்கும் மாதா கோயிலுக்கு ஏறும் 142 படிகளைக் கட்டுரையாளர் வண்ணப் படிக்கட்டு என்கிறார். அங்கே மண்பாண்டத் தொழில் பல நூற்றாண்டுப் பழமையானது. 1606-இல் கட்டத் தொடங்கிய இந்தப் படிக்கட்டுக்கு மெருகூட்டிய வண்ண ஓடுகளைப் பதித்தது 1954-இல்தான். அந்த ஓடுகளைப் பதித்த இடத்தைக் கவனிக்க வேண்டும். படியின் செங்குத்தான முகத்தில் மட்டுமே ஓடு உண்டு, கால் வைக்கும் பரப்பு முழுவதும் சொரசொரப்பான எரிமலைக் கல். மெருகு ஓட்டின் மேல் மழை நீர் பட்டால் கால் நிற்காது என்பதைக் கட்டடத் தொழிலில் இருப்பவர் எவரும் அறிவர். செருப்புத் தேய்ப்பில் அதன் ஓவியமும் சில ஆண்டுகளில் அழிந்துவிடும். ஆகவே கீழிருந்து ஏறுபவருக்குப் படிக்கொரு வடிவமாகப் பூவும் பறவையும் கோலமும் வரிசையாகத் தெரிய, மேலிருந்து இறங்குபவருக்கு வெறும் எரிமலைக் கல்லே தெரிகிறது. சான் பிரான்சிஸ்கோவில் 2005-இல் அக்கம்பக்கத்து மக்கள் சேர்ந்து முடித்த 163 படிகளின் மொசைக் ஓவியத்திலும், அதாவது சிறு ஓட்டுத் துண்டுகளைப் பதித்துச் செய்த ஓவியத்திலும், இதே முறைதான். மலேசியாவின் பத்துமலையில் முருகன் சன்னதிக்கு ஏறும் 272 படிகளுக்கு 2018-இல் பல வண்ணங்கள் பூசியபோது, பாரம்பரியச் சின்னத் துறையின் அனுமதி பெற்றார்களா என்பது குறித்து வாதம் எழுந்தது நம் வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். எனக்கு அப்போது எழுந்த கேள்வி வேறு. தைப்பூசத்தன்று காவடியோடு வெறுங்காலில் ஏறுபவர்களின் கூட்டத்தைச் சுமக்கும் படிகளில், கால் படும் பரப்பில் பூசும் வண்ணம் வழுக்காததாக இருக்க வேண்டுமே என்பதுதான் அது.

இனி ரோமுக்கு வருகிறேன். ஸ்பானியப் படிக்கட்டு 1720-களில் பிரான்செஸ்கோ தெ சாங்க்திஸ் என்ற கட்டடக் கலைஞரின் வடிவமைப்பில் எழுந்தது. மேலே இருப்பது பிரெஞ்சு மன்னர்களின் ஆதரவு பெற்ற திருச்சபைக் கோயில், கட்டுவதற்கான பணத்தை விட்டுச்சென்றவர் ஒரு பிரெஞ்சு தூதரக அதிகாரி. கீழே ஸ்பெயின் தூதரகம் இருந்ததால் பெயர் மட்டும் ஸ்பெயினுக்குப் போய்விட்டது. (செலவு ஒருவருடையது, பெயர் இன்னொருவருடையது என்பது எல்லா நாட்டிலும் நடப்பதுதான் போலும்.) இந்தப் படிகள் நேர்க்கோட்டில் ஏறுவதில்லை. ஓரிடத்தில் விரிந்து, ஓரிடத்தில் குறுகி, இரண்டாகப் பிரிந்து, மீண்டும் ஒன்றாகக் கூடி, நடுநடுவே அகன்ற தளங்களோடும் தாழ்ந்த கைச்சுவர்களோடும் ஏறுகின்றன. மேலே போவது ஒன்றே நோக்கமாக இருந்திருந்தால் இத்தனை அகலமும் இத்தனை வளைவும் தேவைப்பட்டிருக்காது. மக்கள் நின்று, உட்கார்ந்து, ஒருவரையொருவர் பார்த்துப் பேசுவதற்கு உரிய அமைப்பு அதன் கல்லிலேயே இருக்கிறது. இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அது அப்படித்தான் பயன்பட்டும் வந்தது.

2016-இல் ஒரு நகை நிறுவனம் அளித்த சுமார் 15 லட்சம் யூரோவில் படிகளைத் துப்புரவு செய்து பழுது பார்த்தார்கள். 2019-இல் வந்த நகர விதிகளின்படி அங்கே உட்காருபவருக்கு 250 யூரோ வரையிலும், அழுக்காக்கினாலோ சேதப்படுத்தினாலோ 400 யூரோ வரையிலும் அபராதம் விதிக்கலாம். காபியும் மதுவும் சிந்தி, சூயிங்கம் ஒட்டி, சுண்ணாம்புக் கல்லில் கறை படிந்தது உண்மை. உணவுப் பொருளைத் தடை செய்ததை நானும் வரவேற்கிறேன். ஆனால் தடை வந்த பிறகு அந்தப் படிகளுக்கு நேர்ந்த பெரிய சேதங்கள் எவை? 2022 மே மாதத்தில் ஒருவர் வாடகைக்கு எடுத்த மசராட்டி காரைப் படிகளில் ஓட்டி இறக்கினார். அடுத்த மாதம் சுற்றுலாப் பயணி ஒருவர் மின் ஸ்கூட்டரைப் படியில் தள்ளிவிட்டார். கல்லை உடைத்தது சக்கரம். முழங்கால் வலியோடு பாதி வழியில் இரண்டு நிமிடம் உட்காரும் முதியவரை விசிலடித்து எழுப்புவதால் ஒரு கல்லும் காப்பாற்றப்படுவதில்லை.

தடைக்கு மேல் தடை போட்டால் எங்கே போய் முடியும் என்பதற்கு ஹவாய்த் தீவான ஒவாஹூவில் உள்ள ஹைக்கூ படிக்கட்டு ஒரு சான்று. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கக் கடற்படையின் வானொலி நிலையத்துக்காக மலை முகட்டில் அமைத்த 3,922 படிகள், 1987 முதல் பொதுமக்களுக்கு மூடப்பட்டன. மூடியதால் ஆட்கள் ஏறுவது நிற்கவில்லை. விடியும் முன்பே அக்கம்பக்கத்து வீட்டுத் தோட்டங்களின் வழியாகப் புகுந்து ஏறினார்கள். அந்த வீட்டுக்காரர்களின் நிம்மதி போயிற்று. அவர்களுடைய குறை நியாயமானதுதான். கடைசியில் படிகளையே பெயர்த்தெடுப்பது என்று ஹொனலூலு நகர மன்றம் 2021-இல் தீர்மானித்தது. 2024-இல் பணி தொடங்கி, வழக்கினால் இடையில் நின்றது. முறையான நுழைவாயில், அளவான கட்டணம், நாளொன்றுக்கு இத்தனை பேர் என்ற வரம்பு ஆகியவற்றை முதல் பத்தாண்டுகளிலேயே ஏற்படுத்தியிருந்தால், அகற்றுவதா வேண்டாமா என்ற கேள்வியே எழுந்திருக்காது என்பது என் கருத்து.

அழகு என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. படியின் உயரத்தை இரு மடங்காக்கி, அதோடு கால் வைக்கும் அகலத்தைக் கூட்டினால் 60 முதல் 64 செ.மீ. வரை வர வேண்டும் என்பது, 17ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் பிரான்சுவா புளோந்தெல் வகுத்த விதியை ஒட்டி இன்றும் நாங்கள் பின்பற்றும் முறை. வெளிப்புறப் படியில் உயரத்தைக் குறைத்து அகலத்தைக் கூட்டுவோம். மழை நீர் தேங்காமல் ஓட, கண்ணுக்குத் தெரியாத அளவு முன்புறம் சரிவும் கொடுப்போம். மனிதக் காலடிக்கு இசைந்த படிகள்தான் தூரத்திலிருந்து பார்க்கும்போதும் ஒழுங்கான அலையாகத் தெரிகின்றன.

படக்கட்டுரையின் அடுத்த பகுதி வெளிவரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அதில் படிகளின் எண்ணிக்கையோடு, எத்தனை படிக்கு ஓர் இடைத்தளம், கைப்பிடிக் கம்பி உண்டா, ஏற இயலாதவர் மேலே போக வேறு வழி என்ன, நடுவில் உட்கார அனுமதி உண்டா என்ற நான்கு விவரங்களையும் ஒவ்வொரு படத்தின் கீழும் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். வயதான பெற்றோரையும் கைக்குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு வெளிநாடு செல்லும் வாசகர்களுக்கு அவையே முதலில் தேவைப்படும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர்,
திருச்சிராப்பள்ளி.