சுவரில் உங்கள் பிள்ளையின் பெயர்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். போன கிழமை தரம் 7 பிள்ளை ஒருத்தி, நூலக வாசலில் ஒட்டியிருந்த சுவர்ப் பத்திரிகையில் தன் பெயரை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றாள். தகப்பனின் வலையில் சிக்கிய ஆமையைத் திரும்பக் கடலில் விட்டதைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தாள். மணி அடித்தும் அவள் நகரவில்லை. எனக்கு அமெரிக்கப் பத்திரிகை முதலாளி ஜோசப் புலிட்சரின் நினைவு வந்தது.

1847இல் ஹங்கேரியில் பிறந்தவர் அவர். 17 வயதில், ஆங்கிலம் சரியாகத் தெரியாமலே அமெரிக்கா போய் அங்கத்தைய உள்நாட்டுப் போரில் சிப்பாயாகச் சேர்ந்தார். பிறகு சென் லூயிஸ் நகர நூலகம் ஒன்றில் இருந்து ஆங்கிலம் படித்தார். நிருபரானார், பத்திரிகை முதலாளியானார். 1883இல் நியூயோர்க்கின் 'வேர்ள்ட்' பத்திரிகையை 346,000 டொலருக்கு வாங்கினார்.

பிரான்ஸ் அன்பளித்த சுதந்திர தேவி சிலைக்குப் பீடம் கட்ட அப்போது காசு போதவில்லை. செல்வந்தர்கள் பெரிதாகக் கைகொடுக்கவில்லை. 1885 மார்ச்சில் புலிட்சர், எவ்வளவு சின்னத் தொகை தந்தாலும் தந்தவரின் பெயரைப் பத்திரிகையில் போடுவதாக அறிவித்தார். ஓகஸ்ட்டுக்குள் ஒரு லட்சம் டொலருக்கு மேல் சேர்ந்துவிட்டது. கொடுத்தவர்கள் 120,000 பேருக்கு மேல், அவர்களில் பெரும்பாலோர் கொடுத்தது ஒரு டொலருக்கும் குறைவு. அயோவா மாநிலத்துப் பாலர் வகுப்பு ஒன்று அனுப்பியது 1 டொலர் 35 சதம். பத்திரிகையின் விற்பனையும் இதனால் ஏறியது உண்மைதான். ஆனாலும் கூலிக்காரரின் பெயரையும் குழந்தையின் பெயரையும் அச்சில் ஏற்றினாரே, அதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

அவருடைய செய்தி அறைச் சுவரில் 'துல்லியம், துல்லியம், துல்லியம்' என்று ஒட்டியிருந்ததாம். அதே பத்திரிகைதான் 1898இல், ஸ்பெயினின் ஆட்சியிலிருந்து விடுபடக் கியூபா போராடிய விவகாரத்தில், போட்டிப் பத்திரிகையோடு மல்லுக்கட்டிச் செய்திகளை ஊதிப் பெருப்பித்தது. காலைக் கூட்டத்தில் இதையும் பிள்ளைகளுக்கு மறைக்காமல் சொன்னேன். கடைசிக் காலத்தில் அவருக்குக் கண் பார்வை ஏறக்குறைய இல்லை. உதவியாளர்கள் வாசித்துக் காட்டக் கேட்டே பத்திரிகையை நடத்தினார். 1911இல் சார்ள்ஸ்டன் துறைமுகத்தில், தன் படகிலேயே காலமானார். அவர் விட்டுப்போன பணத்தில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1912இல் இதழியல் கல்லூரி தொடங்கியது. 1917இலிருந்து அவர் பெயரில் பரிசும் கொடுக்கிறார்கள்.

சரி, இனி உங்களிடம் கேட்பது. அடுத்த திங்கள் முதல் எல்லா வகுப்புகளுக்கும் சுவர்ப் பத்திரிகை உண்டு. உங்கள் தெருவில், கோயிலடியில், கடற்கரையில் நடந்த ஒன்றைப் பிள்ளை தானே விசாரித்து எழுதட்டும். யார், எங்கே, எப்போது என்று கேட்டால் பொறுமையாகப் பதில் சொல்லுங்கள். அம்மம்மா சொன்ன செய்தியென்றால் அவர் பெயரையும் போடுவோம். எழுத்துப்பிழையை வீட்டில் திருத்த வேண்டாம், அதை ஆசிரியர்கள் பிள்ளையோடு இருந்து பார்ப்பார்கள். பிரிஸ்டல் போட் வாங்க வேண்டாம், பாடசாலையில் இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் கொப்பித் தாளில் எழுதி அனுப்பினால் போதும்.

அன்புடன்,
அதிபர்
திருகோணமலை